கன்னம் வீங்கும் முன்பே தொடங்க வேண்டிய வேலை: கல்லூரி வளாகத்தில் பொன்னுக்கு வீங்கி பரவாமல் தடுக்க முழுமையான வழிகாட்டி

காலையில் முகம் கழுவும்போது ஒரு மாணவி கண்ணாடியில் பார்க்கிறாள். இடது காதுக்குக் கீழே லேசாக உப்பியிருக்கிறது. கடைவாய்ப் பல்லில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிடுகிறாள். மதியம் சாப்பிட வாயைத் திறந்தால் வலி. மறுநாள் காலையில் காது மடல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. அப்போதுதான் பக்கத்து அறைக்காரி, "பொன்னுக்கு வீங்கி மாதிரி இருக்கே" என்கிறாள்.

அந்த வார்த்தை வாயில் வரும்போது வைரஸ் அவளிடமிருந்து பரவத் தொடங்கி மூன்று நாள் ஆகியிருக்கும். ஏனென்றால், வீக்கம் தெரிவதற்கு சுமார் 2 நாள் முன்பிருந்தே இது தொற்றும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும். வீங்கிய கன்னத்தைப் பார்த்த பிறகு ஓட ஆரம்பிக்கும் கல்லூரி, எப்போதும் வைரஸுக்கு இரண்டு நாள் பின்னால்தான் ஓடும். அந்த இரண்டு நாளை ஈடுகட்டும் வேலை, நோய் வராத காலத்தில் செய்து வைக்க வேண்டிய வேலை. ஆகவே இந்த வழிகாட்டியின் முதல் இரண்டு படிகள், யாருக்கும் நோய் இல்லாத நாட்களைப் பற்றியவை. அவற்றைத் தாண்டிக் குதித்துப் படிக்காதீர்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பொன்னுக்கு வீங்கி, புட்டாளம்மை, கூகைக்கட்டு, அம்மைக்கட்டு என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். டாக்டர்கள் மம்ப்ஸ் என்பார்கள். வார்டன் ஒரு பெயரும் மாணவர் வேறொரு பெயரும் சொல்லிக்கொண்டிருந்தால் தகவல் போய்ச் சேராது. அறிவிப்பு எழுதும்போது மாணவர்களுக்குத் தெரிந்த எல்லாப் பெயர்களையும் போட்டுவிடுங்கள்.

கல்லூரியில் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது

இது எச்சில் வழியாகவும், இருமல், தும்மல், நெருங்கிப் பேசும்போது தெறிக்கும் துளிகள் வழியாகவும் பரவும் வைரஸ். உடலுக்குள் போனதிலிருந்து அறிகுறி தெரிய பெரும்பாலும் 16 முதல் 18 நாள் ஆகும். குறைந்தது 12, அதிகபட்சம் 25 என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வீக்கத்துக்கு 2 நாள் முன்பிருந்து, வீக்கம் தொடங்கி 5 நாள் வரை பிறருக்குத் தொற்றும். தொற்றியவர்களில் சிலருக்கு வீக்கமே வராது. சாதாரண ஜலதோஷம் போல வந்து போய்விடும், ஆனால் அவர்களும் பரப்புவார்கள்.

இந்தக் குணங்களோடு ஹாஸ்டல் வாழ்க்கையைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே அறையில் மூன்று பேர். ஒருவர் பாதி குடித்த பாட்டிலை இன்னொருவர் முடிக்கிறார். இரைச்சலான கூட்டத்தில் காதருகே வாய் வைத்துக் கத்துகிறார்கள். விளையாட்டு அணியில் நெற்றி முட்டும் தூரத்தில் நின்று உத்தி பேசுகிறார்கள். காதலர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"எல்லாரும் சின்ன வயதிலேயே ஊசி போட்டவர்கள்தானே?" என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. மம்ப்ஸ் பாகம் அடங்கிய எம்எம்ஆர் தடுப்பூசி ஒரு தவணை ஏறக்குறைய 70 முதல் 80 சதவீதமும், இரண்டு தவணை 85 சதவீதத்துக்குச் சற்று மேலும் பாதுகாப்பு தருகிறது. நல்ல தடுப்பூசிதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு ஆண்டுகள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. இரண்டாவது தவணையை ஐந்து வயதில் போட்டுக்கொண்ட பிள்ளை கல்லூரிக்கு வரும்போது பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருக்கும். பாதுகாப்பு தேயும் வயதும் நெருக்கமாகக் கூடி வாழும் வயதும் ஒன்றாக வந்து நிற்கின்றன. 2006இல் அமெரிக்காவில் 6,500க்கும் மேற்பட்டோருக்கு மம்ப்ஸ் வந்தபோது அதிகம் அடிபட்டவர்கள் 18 முதல் 24 வயது வரையிலான கல்லூரி மாணவர்கள். அவர்களில் பெரும்பாலோர் இரண்டு தவணையும் போட்டவர்கள்.

அதனால் தடுப்பூசி வீண் என்று யாராவது ஆரம்பித்தால் ஒன்றைச் சொல்லுங்கள். ஊசி போட்டவருக்கு நோய் வந்தாலும் சிக்கல்கள் வெகுவாகக் குறைகின்றன. பருவம் எய்திய ஆண்களில் ஊசி போடாதவர்களுக்கு மம்ப்ஸ் வந்தால், நூற்றில் இருபது முப்பது பேருக்கு விரை வீங்கும். போட்டவர்களில் அது பத்துக்குள் அடங்கிவிடுகிறது. மூளை உறை அழற்சி, கணைய அழற்சி, காது கேளாமை போன்றவையும் போட்டவர்களிடம் அரிது.

படி 1: சேர்க்கையின்போதே தடுப்பூசிப் பட்டியல்

எனக்குக் கேட்டால், இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மீதியில் பாதித் தலைவலி போய்விடும் என்பேன். மாணவர் சேரும்போதே தடுப்பூசி அட்டையின் நகலை வாங்கி, ஒரு அட்டவணையில் ஏற்றிவிடுங்கள். பெயர், துறை, ஹாஸ்டல் அறை எண், மம்ப்ஸ் அடங்கிய தடுப்பூசியின் முதல் தவணைத் தேதி, இரண்டாவது தவணைத் தேதி, ஊசி போடக்கூடாத மருத்துவக் காரணம் ஏதாவது உண்டா. இந்த ஆறு பத்திகள் போதும். மதிய உணவு நேரத்தில் ஒருவர் அதைத் திறந்து, "இந்தத் தளத்தில் இரண்டு தவணை இல்லாதவர்கள் யார்?" என்று ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லும் நிலையில் இருக்க வேண்டும். அலமாரியில் கட்டி வைத்த நகல்களால் அவசரத்தில் பயன் இல்லை.

அட்டையைப் படிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. எம்ஆர் என்று இருந்தால் அது தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் மட்டும். மம்ப்ஸுக்கான பாகம் அதில் கிடையாது. எம்எம்ஆர் என்று இருந்தால்தான் மூன்றும். எம்எம்ஆர்வி என்றால் சின்னம்மையும் சேர்த்து நான்கு. சில நாடுகளின் அரசுத் திட்டத்தில் எம்ஆர் மட்டுமே தரப்படுகிறது. அங்கே "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று பெற்றோர் மனதாரச் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும், ஆனாலும் பிள்ளைக்கு மம்ப்ஸ் பாதுகாப்பு இருக்காது. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். பதிவு செய்பவருக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

எதை ஆதாரமாக ஏற்பது? குறைந்தது 28 நாள் இடைவெளியில் போட்ட இரண்டு தவணைகளின் தேதி. அல்லது நோய் எதிர்ப்பு இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. அல்லது முன்பு வந்தது மம்ப்ஸ்தான் என்று ஆய்வகம் உறுதி செய்த சீட்டு. "சின்ன வயசுல ஒரு தடவை வந்துச்சு" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கன்னம் வீங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு.

அட்டை தொலைந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். தேடிக்கொண்டே ஒரு பருவத்தைக் கழிக்க வேண்டாம். ஏற்கெனவே போட்டவருக்கு இன்னொரு முறை எம்எம்ஆர் போடுவதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. டாக்டரிடம் பேசிவிட்டு முதலிலிருந்து இரண்டு தவணை போட்டுவிடுவது எளிது.

பட்டியலில் மாணவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியர்கள், சமையற்கூட ஊழியர்கள், துப்புரவுப் பணியாளர்கள், காவலர்கள், விளையாட்டுப் பயிற்சியாளர்கள் எல்லாரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

படி 2: அறையும் விதியும் முன்கூட்டியே

தனிமைப்படுத்த ஓர் இடம் வேண்டும். கழிவறை இணைந்த ஓர் அறை, முடிந்தால் இரண்டு. ஆண்டு முழுக்க அதைப் பூட்டி வைக்கத் தேவையில்லை. விருந்தினர் அறையையே, தேவைப்பட்டால் அன்றே காலி செய்து கொடுப்பது என்று எழுத்தில் முடிவெடுத்து வைத்தால் போதும். சாவி யாரிடம், உணவை யார் கொண்டுபோய் வாசலில் வைப்பது, இரவில் காய்ச்சல் ஏறினால் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்று கேள்விக்கும் பெயரோடு பதில் இருக்கட்டும்.

அதைவிட முக்கியம் வருகைப்பதிவு விதி. உடம்பு சரியில்லாமல் ஐந்து நாள் போனால் தேர்வு எழுத முடியாது என்ற பயம் இருக்கும் வரை, மாணவர் வீக்கத்தைத் துப்பட்டாவாலோ முகக்கவசத்தாலோ மறைத்துக்கொண்டு வகுப்பில் உட்காருவார். அவர் மேல் தப்பில்லை, விதி அப்படி. தொற்றுநோய் விடுப்புக்கு வருகைப்பதிவு குறையாது, தவறிய தேர்வுக்கு மறுதேதி உண்டு என்று நோய் வருவதற்கு முன்பே அறிவித்துவிடுங்கள். சோப்பும் சானிடைசரும் செய்யாத வேலையை இந்த ஒரு சுற்றறிக்கை செய்யும்.

படி 3: அடையாளம் காணுதல்

முதல் ஓரிரு நாள் தலைவலி, உடல்வலி, சோர்வு, பசியின்மை, லேசான காய்ச்சல். இதை வைத்து யாரும் மம்ப்ஸ் என்று சொல்லிவிட முடியாது. அப்புறம்தான் காதுக்கு முன்னாலும் கீழேயும் இருக்கும் பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கும். ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கமும் வரலாம், ஒரு பக்கத்தோடு நிற்கவும் செய்யலாம்.

இதைக் கண்ணால் பிரித்தறிய ஒரு வழி உண்டு. தாடை எலும்பு காதுக்குக் கீழே மடங்கும் மூலையை விரலால் தடவிப் பாருங்கள். நிணநீர்க் கட்டி என்றால் அந்த மூலை பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படும், கட்டி அதற்குக் கீழே கழுத்தில் உருண்டையாக இருக்கும். பரோடிட் வீங்கினால் அந்த மூலையே வீக்கத்தில் மறைந்துவிடும். நேர் எதிரே நின்று பார்த்தால் காது மடல் மேலும் வெளியேயும் தள்ளப்பட்டிருப்பது தெரியும். மெல்லும்போதும் புளிப்பான எதையாவது வாயில் போட்டாலும் வலி சுருக்கென்று கூடும், சுரப்பி எச்சிலைச் சுரக்க முயல்வதால்.

இதெல்லாம் சந்தேகத்தை எழுப்ப மட்டும். இன்ஃப்ளூயன்ஸா உள்ளிட்ட வேறு வைரஸ்களாலும், பாக்டீரியாவாலும், சுரப்பிக் குழாயில் கல் அடைப்பதாலும் இதே இடம் வீங்கும். வார்டனோ ஆசிரியரோ நோயைத் தீர்மானிக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் முகக்கவசம் கொடுத்து, மற்றவர்களோடு காத்திருப்பு அறையில் உட்கார வைக்காமல், டாக்டரிடம் அனுப்புங்கள். போகும் முன் மருத்துவமனைக்கு ஒரு போன் செய்து சொல்லிவிடுவது நல்லது.

படி 4: பரிசோதனை

ஊசி போட்டவர்களிடம் ரத்தப் பரிசோதனை ஏமாற்றும். மம்ப்ஸ் வந்திருந்தும், புதிய தொற்றைக் காட்டும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் சோதனை எதிர்மறையாகவே வரலாம். நம்பத்தக்கது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுக்கும் ஸ்வாப்பில் செய்யும் பிசிஆர், அதாவது வைரஸின் மரபணுவையே தேடும் சோதனை. வீக்கம் தொடங்கிய 3 நாளுக்குள் எடுத்தால் பலன் அதிகம்.

எடுக்கும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் காதுக்கு முன்னால் உள்ள சுரப்பியை சுமார் 30 விநாடி வெளியிலிருந்து விரலால் நீவிவிட வேண்டும். சுரப்பியில் தேங்கிய எச்சில், மேல் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே கன்னத்தில் திறக்கும் குழாய் வாயில் வந்து சேரும். ஸ்வாப்பை அந்த இடத்தில் வைத்துத் துடைத்தெடுக்க வேண்டும். நீவாமல் எடுத்தால் வைரஸ் சிக்காமல் போகலாம். எதிர்மறை முடிவு வந்தாலும், வீக்கமும் தொடர்பும் பொருந்தினால் டாக்டர் மம்ப்ஸ் என்றே நடத்தச் சொல்வார். முடிவு வரும் வரை தனிமையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த ஸ்வாப்புக்கு ஒரு பழைய சொந்தம் உண்டு. 1963இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் மாரிஸ் ஹில்மன், தன் மகள் ஜெரில் லின்னுக்குக் கன்னம் வீங்கியபோது அவள் தொண்டையிலிருந்து ஸ்வாப்பில் மாதிரி எடுத்தார். அதிலிருந்து உருவான தடுப்பூசிக்கு 1967இல் அனுமதி கிடைத்தது. இன்றும் உலகின் பல எம்எம்ஆர் ஊசிகளில் இருப்பது அந்தச் சிறுமியின் பெயர் தாங்கிய வகைதான்.

படி 5: ஐந்து நாள் தனிமை, எண்ணுவது எப்படி

குளறுபடி நடப்பது பெரும்பாலும் இங்கேதான், நாட்களை எண்ணுவதில். வீக்கம் தொடங்கிய நாளைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்த்த நாளையோ முடிவு வந்த நாளையோ வைத்து எண்ணக் கூடாது.

முதலில் சொன்ன மாணவியையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடியில் வீக்கம் பார்த்தது 3ஆம் தேதி. அது பூஜ்யம். 8ஆம் தேதி முடிய அவள் தனிமையில். 9ஆம் தேதி வகுப்புக்கு வரலாம், கன்னம் முழுக்க வற்றியிருக்காவிட்டாலும் சரி. பழைய புத்தகங்களில் 9 நாள் என்று இருக்கும். அமெரிக்காவில் 2008இல் அதை 5 ஆகக் குறைத்தார்கள், ஐந்தாம் நாளுக்குப் பிறகு தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதாலும், ஐந்து நாள் என்றால் மாணவர்கள் உண்மையிலேயே கடைப்பிடிப்பார்கள் என்பதாலும். உங்கள் நாட்டுச் சுகாதாரத் துறை வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

தனிமை அறையில் ஆடம்பரம் வேண்டாம். ஜன்னல் திறக்க வேண்டும், தனிக் கழிவறை, தனித் தட்டு டம்ளர், குப்பைக்கு மூடியுள்ள கூடை, இணைய வசதி. கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் இரண்டாம் நாளே வெளியே வந்துவிடுவார்கள். மெல்லத் தேவையில்லாத உணவு, நிறையத் தண்ணீர், புளிப்பு வேண்டாம். வலிக்கும் காய்ச்சலுக்கும் டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால். கன்னத்தில் துணி சுற்றிய ஐஸ் ஒத்தடமோ வெந்நீர் ஒத்தடமோ, எது இதமாக இருக்கிறதோ அது. வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாடிக்கால் பயன் இல்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்பவரை, வீடு பக்கத்தில் என்றால், தனி வண்டியில் அனுப்பலாம். நெரிசலான பேருந்திலும் ரயிலிலும் வேண்டாம். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ நோய் எதிர்ப்பு குறைந்தவரோ இருந்தால் வளாகத்தில் இருப்பதே மேல்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: தாங்க முடியாத தலைவலியோடு கழுத்து விறைப்பு, வெளிச்சம் கூசுவது, குழப்பமான பேச்சு, வலிப்பு, திடீரென்று ஒரு காது கேட்காமல் போவது, விடாத வாந்தியும் மேல்வயிற்று வலியும், விரையில் வீக்கமும் வலியும், பெண்களுக்கு அடிவயிற்று வலி. விரை வீக்கத்தைப் பையன்கள் சொல்லவே மாட்டார்கள். கன்னம் வற்றிய பிறகு அது வரலாம் என்பதால், "முடிந்துவிட்டது" என்று அவர்களே நினைத்திருப்பார்கள். இதைப் பற்றி இன்னொரு வதந்தியும் உண்டு, பொன்னுக்கு வீங்கி வந்தால் ஆண்மை போய்விடும் என்று. விரை சிலருக்குச் சற்றுச் சுருங்கலாம், குழந்தைப்பேறு முற்றிலும் இல்லாமல் போவது அரிது. தனிமை அறைச் சுவரில் ஒட்டும் தாளில் இதை நேராகவே எழுதிவிடுங்கள்.

படி 6: யாரோடெல்லாம் இருந்தாள்?

அந்த மாணவி 1ஆம் தேதியிலிருந்து தொற்றுபவள். 1ஆம் தேதி காலை முதல் தனிமைக்குப் போன நிமிடம் வரை யாரோடு அறையைப் பகிர்ந்தாள், யாரோடு நெருங்கி உட்கார்ந்து நேரம் கழித்தாள், யாரோடு பாட்டில், டம்ளர், லிப் பாம், சிகரெட் பகிர்ந்தாள், யாரை முத்தமிட்டாள். கடைசிக் கேள்வியை ஆசிரியர் கேட்டால் உண்மை வராது. மருத்துவ மையத்து நர்ஸ், கதவைச் சாத்திக்கொண்டு, "பெயர் வெளியே போகாது" என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். சொன்னபடி காப்பாற்றவும் வேண்டும்.

அப்புறம் கணக்கு. 1ஆம் தேதி தொற்றியவருக்கு மிகச் சீக்கிரம் என்றால் 13ஆம் தேதி அறிகுறி வரும். அவள் தனிமைக்குப் போன 4ஆம் தேதி தொற்றியவருக்கு மிகத் தாமதம் என்றால் 29ஆம் தேதி. பெரும்பாலோருக்கு 17 முதல் 22க்குள். இதை நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். 10ஆம் தேதி, "ஒரு வாரம் ஆச்சு, யாருக்கும் வரவில்லை, தப்பித்தோம்" என்று நிம்மதிப் பெருமூச்சு விடும் நிர்வாகங்கள்தான் அதிகம். அந்த வாரம் யாருக்கும் வராது. வரவே முடியாது. 17ஆம் தேதி வாரத்தில் கல்லூரி விழா வைத்திருந்தால் இப்போதே தள்ளிப்போடுங்கள்.

அவளோடு தொடர்பில் இருந்தவர்களில் இரண்டு தவணை போட்டவர்களை அறையில் பூட்டத் தேவையில்லை. வகுப்புக்கு வரட்டும். தினமும் காலையில் தாடையைத் தடவிப் பார்த்து, காய்ச்சலோ வீக்கமோ இருந்தால் அறையை விட்டு வெளியே வராமல் போன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒரு தவணைகூடப் போடாதவர்கள் விஷயம் வேறு. பரவல் நடக்கும்போது அவர்கள் ஊசி போட்டுக்கொண்டால் உடனே வகுப்புக்குத் திரும்பலாம். மறுத்தால், கடைசி நோயாளிக்கு வீக்கம் தொடங்கி 26 நாள் முடியும் வரை வளாகத்துக்கு வரக் கூடாது என்பது பல இடங்களில் கடைப்பிடிக்கும் விதி. நம் உதாரணத்தில் அது 29ஆம் தேதி வரை. இடையில் 20ஆம் தேதி இன்னொருவருக்கு வீங்கினால் 26 நாள் அங்கிருந்து மறுபடி தொடங்கும். இதைக் கேட்டதும் ஊசிக்கு வரிசையில் நிற்பவர்களை நானாக இருந்தால் கேலி செய்ய மாட்டேன்.

ஒரே இடத்தில், ஒரே காலகட்டத்தில், ஒன்றோடொன்று தொடர்புள்ள மூன்று பேருக்கு வந்துவிட்டால் அதைப் பரவல் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சுகாதாரத் துறைக்கு முதல் சந்தேகத்திலேயே தெரிவித்திருந்தால் இந்த நேரத்தில் உதவி கையில் இருக்கும்.

படி 7: பரவலின் நடுவே ஊசி

ஒரு தெளிவு முதலில். வைரஸ் ஏற்கெனவே உள்ளே போய்விட்டவருக்கு இன்று போடும் ஊசி அந்தத் தொற்றைத் தடுக்காது. அப்புறம் ஏன் போடுவது? யாருக்கு ஏற்கெனவே தொற்றியது என்று யாருக்கும் தெரியாது, அடுத்த அலை இன்னும் வரவில்லை. அந்த அலைக்கு முன்னால் சுவர் எழுப்பத்தான்.

முதலில் ஒரு தவணையும் இல்லாதவர்கள், அடுத்து ஒன்று மட்டும் போட்டவர்கள். அதற்கு மேல் மூன்றாவது தவணை. 2015-16 கல்வியாண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 20,000க்கும் சற்று அதிகமான மாணவர்களில் 259 பேருக்கு மம்ப்ஸ் வந்தது. இவ்வளவுக்கும் 98 சதவீதம் பேர் முன்பே இரண்டு தவணை போட்டவர்கள். பரவலின்போது 4,783 பேர் மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டார்கள். மூன்று போட்டவர்களில் ஆயிரத்துக்கு 6.7 பேருக்கும், இரண்டு மட்டும் போட்டவர்களில் ஆயிரத்துக்கு 14.5 பேருக்கும் நோய் வந்தது. இரண்டாவது தவணை போட்டு 13 ஆண்டுகளுக்கு மேல் ஆனவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடியிருந்ததும் அங்கேதான் தெளிவாகத் தெரிந்தது. இதன் பிறகு, 2017 அக்டோபரில், பரவலில் ஆபத்து அதிகமுள்ள குழுவுக்கு மூன்றாவது தவணை போடலாம் என்று அமெரிக்காவின் தடுப்பூசி ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. பரவல் இல்லாத காலத்தில் எல்லாருக்கும் மூன்றாவது ஊசி என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம்.

எந்தக் குழு என்பதைச் சுகாதாரத் துறையோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஒரு ஹாஸ்டல் தளமா, ஒரு விளையாட்டு அணியா, முழு முதலாமாண்டா? ஊசி முகாமை வகுப்பு நடக்கும் கட்டிடத்திலேயே வையுங்கள். மருத்துவ மையம் வளாகத்தின் மறுகோடியில் இருந்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

எம்எம்ஆர் உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸ் கொண்டது. கர்ப்பிணிகளுக்குப் போடக் கூடாது, போட்ட பிறகு நான்கு வாரம் கருத்தரிப்பதைத் தவிர்க்க வேண்டும். புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும், ஜெலட்டின், நியோமைசின் இவற்றால் முன்பு கடுமையான ஒவ்வாமை வந்தவர்களுக்கும் கூடாது. சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் அதைச் சொல்ல வேண்டும். இவற்றை எல்லார் முன்னாலும் கேட்காமல், ஒரு சீட்டில் டிக் அடித்துத் தரச் சொல்லுங்கள்.

படி 8: அன்றாடப் பழக்கங்கள்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். கையைச் சோப்பால் கழுவுவது அல்லது ஆல்கஹால் சானிடைசர், இரண்டும் இந்த வைரஸிடம் வேலை செய்யும். முழங்கை மடிப்பில் இருமுவது. ஜன்னலைத் திறந்து வைப்பது. கைப்பிடி, மேசை, பொதுக் கணினி விசைப்பலகை, உடற்பயிற்சிக் கருவிகளைத் துடைப்பது.

யாரும் யோசிக்காத இடம் ஒன்றிருக்கிறது. இசைக்குழுவில் ஊதுகருவி வாய்முனைகள், ஒலிவாங்கி, விளையாட்டுத் திடலில் அணி முழுக்கச் சுற்றி வரும் ஒரே தண்ணீர் பாட்டில், நடுவரின் விசில். ஆளுக்கொரு பாட்டில், அதில் பெயர் எழுதிய ஒரு துண்டு டேப், இவ்வளவு போதும்.

கல்லூரியையே மூடிவிடலாமா என்ற யோசனை கண்டிப்பாக வரும். என் கருத்து, வேண்டாம். தொற்று உள்ளே இருந்தும் இன்னும் தெரியாதவர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் பேருந்திலும் ரயிலிலும் ஏற்றி, தங்கள் வீடுகளுக்கு அனுப்பி வைப்பதுதான் அதன் விளைவு. வளாகத்தில் இருந்தால் உங்களிடம் பட்டியலாவது இருக்கும்.

படி 9: என்ன சொல்வது, எப்படிச் சொல்வது

முதல் நோயாளி தெரிந்த அன்றே அறிவிப்பு போக வேண்டும். தாமதித்தால் மாணவர் குழுக்களில் வேறு கதை ஓடிவிடும். பெயர் வேண்டாம், துறை வேண்டாம், அறை எண் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"நம் வளாகத்தில் ஒருவருக்குப் பொன்னுக்கு வீங்கி என்ற மம்ப்ஸ் இருக்கலாம் என்று டாக்டர் கருதுகிறார். அவர் தனி அறையில் நலமாக இருக்கிறார். காதுக்குக் கீழே வீக்கம், மெல்லும்போது வலி, காய்ச்சல் இருந்தால் வகுப்புக்கு வராமல் மருத்துவ மையத்துக்குப் போன் செய்யுங்கள். விடுப்பால் வருகைப்பதிவு குறையாது. நேரடித் தொடர்பில் இருந்தவர்களிடம் நர்ஸ் தனியாகப் பேசுவார். இந்த மாதம் 13 முதல் 29 வரை கூடுதல் கவனம் தேவை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தேதி சொன்னால்தான் அறிவிப்பு நினைவில் நிற்கும். 12ஆம் தேதி மாலை இதையே இன்னொரு முறை அனுப்புங்கள். நோய் வந்தவர் திரும்பி வரும் நாளில் அவர் வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பக்கத்தில் உட்கார மறுப்பவர்கள் இருப்பார்கள்.

படி 10: எப்போது முடிந்தது என்று சொல்வது

கடைசி நோயாளிக்கு வீக்கம் தொடங்கிய நாளிலிருந்து 50 நாள் புதிதாக யாருக்கும் வராவிட்டால் பரவல் ஓய்ந்தது எனலாம். வைரஸ் உள்ளே போனதிலிருந்து அறிகுறி தெரியும் வரையான அடைகாலம் அதிகபட்சம் 25 நாள், அதன் இரு மடங்கு அது. வீக்கமே இல்லாமல் ஒருவர் இடையில் நின்று பரப்பியிருக்கலாம், அந்த ஒரு கண்ணிக்கும் சேர்த்துத்தான் இரண்டு முறை.

இந்த 50 நாளும் மருத்துவ மையத்து நோட்டில் தினம் ஒரு வரி எழுதப்பட வேண்டும்: இன்று புதிதாக வீக்கத்தோடு வந்தவர்கள் எத்தனை பேர். பெரும்பாலான நாட்களில் அந்த வரியில் பூஜ்யம்தான் இருக்கும். பூஜ்யத்தையும் எழுதச் சொல்லுங்கள், எழுதாமல் விட்ட நாளில் யாரும் வரவில்லையா, யாரும் பார்க்கவில்லையா என்று பிறகு சொல்ல முடியாது. அந்த நோட்டு ஓடும்போதே சேர்க்கைப் பட்டியலைத் திறந்து, இரண்டாவது தவணைப் பத்தி இன்னும் காலியாக இருக்கும் பெயர்களுக்கு நேரே ஊசித் தேதியை நிரப்பத் தொடங்குங்கள். முதல் தவணைக்கும் இரண்டாவதற்கும் நடுவே 28 நாள் வேண்டும். 50 நாளுக்குள் அது தாராளமாக அடங்கும்.